பலாங்காக் கடற்கரை

பால்டிக் கடலோரத்திலுள்ள சிறு தேசம் லித்துவேனியா. கோடைக் காலத்தில் அந்நாட்டு ஜனங்கள் குடும்பத்தோடு கூடும் ஊர் பலாங்கா.

அங்கே காணத்தக்கவை பல. கடலுக்குள் 470 மீட்டர் நீண்டு செல்லும் பாலத்தின் முனையில் நின்று சூரியாஸ்தமனம் பார்ப்பது ஓர் ஆனந்தம். புயல் ஓய்ந்த விடியற்காலையில் மணலில் தேடினால் அம்பர்த் துண்டுகள் அகப்படலாம். பொன்னிறமாய் மின்னும் அம்பர் கல்லன்று. நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களில் வடிந்து இறுகிய பிசின். 1897-இல் டிஷ்கேவிச் பிரபு கட்டிய மாளிகை, 1963 முதல் அம்பர்க் காட்சிச்சாலையாய் விளங்குகிறது. அதைச் சூழ்ந்த பூங்காவை வகுத்தவர் பிரெஞ்சு நிபுணர் எதுவார் ஆந்திரே. பூங்காவினுள்ளே பிருத்தே குன்று. பிருத்தே என்னும் கன்னி அங்கே புனிதத் தீயைக் காத்து வந்தாள் என்பது ஐதிகம்.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், லித்துவேனிய பாஷையை அதற்குரிய லத்தீன் எழுத்தில் அச்சிடுவதே குற்றம். அத்தடை 1904 வரை நீடித்தது. அது அமலிலிருந்தபோதே, 1899-இல், இவ்வூரார் அரும்பாடுபட்டு அனுமதி பெற்று, ஒரு களஞ்சியத்தில் தாய்மொழி நாடகமொன்றை அரங்கேற்றினார்கள். அந்நாட்டில் பகிரங்கமாக நடந்த முதல் லித்துவேனிய நாடகம் அதுவே. அது வெறும் ஹாஸ்ய நாடகந்தான். ஆனால் கேட்டவர்களுக்கு அது தம் வீட்டுப் பேச்சு!

1918-இல் பெற்ற சுதந்திரத்தை இடையில் இழந்து, 1990-இல் மீண்டும் பிரகடனம் செய்தது அத்தேசம். இன்று கடற்பாலத்துக்குச் செல்லும் வீதி, 1883-இல் தாய்மொழிப் பத்திரிகை தொடங்கிய பசனாவிசியஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சகத்தைப் பூட்டலாம், ஜனங்களின் நாவைப் பூட்ட யாரால் முடியும்?