கொப்பித் தாளில் ஒரு விமர்சனம்

நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் காதல் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான முகங்களைக் காணலாம். ஒன்று, அதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று சிரிக்கும் முகம். மற்றது, பிள்ளைகளைக் கெடுப்பதே இவைதான் என்று கோபிக்கும் முகம். சிரிப்பவரும் சரி, கோபிப்பவரும் சரி, பெரும்பாலும் அந்த நாவல்களை வாசித்திருப்பதில்லை. வாசிப்பவர்கள் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள். அவர்களுடைய அபிப்பிராயத்தை எவரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் காதல் கதை நமக்கு அந்நியமான ஒன்றல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்ளும் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை. சட்டத்தரணி, 'முஸ்லிம் நேசன்' நடத்தியவர், நம் சமூகத்தின் கல்விக்காகப் பாடுபட்டவர். அவர் எழுதியது என்ன? குழந்தையிலேயே பெற்றோரைப் பிரிந்த ஓர் இளைஞன் வளர்ந்து ஆளாகும் கதை. அதில் சாகசமும் உண்டு, காதலும் உண்டு. 1938 இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் தன் நாவலுக்கு வைத்த பெயரே 'காதலா? கடமையா?' என்பதுதான். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா முகம் சுளிக்காத விடயத்துக்கு நாம் ஏன் சுளிக்க வேண்டும்?

பின்னர் வந்த தலைமுறைகளுக்கு ரமணிசந்திரன் வந்தார். 150க்கும் மேற்பட்ட நாவல்கள். நம் ஊர்களில் உம்மாவும் மகளும் மாறி மாறி வாசித்து, அட்டை கிழிந்து, பழைய பத்திரிகைத் தாளால் உறை போடப்பட்டு, அடுத்த வீட்டுக்குப் போன புத்தகங்கள் அவை. இன்று பிள்ளைகள் தொலைபேசியிலும் வாசிக்கிறார்கள். கதையின் சட்டகம் மட்டும் பெரிதாக மாறவில்லை. பணக்காரக் கோபக்காரக் கதாநாயகன், பொறுமைசாலிப் பெண், ஒரு தப்பபிப்பிராயம், கடைசியில் ஒரு சமாதானம்.

இவற்றை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை எனக்குக் காட்டித் தந்தது ராத்தாவின் மகள். போன வருடம் குடும்பமாக ரிவர்ஸ்டன் போயிருந்தோம். ரத்தோட்டையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை. மேலே போகப் போக மூடுபனி வேனின் கண்ணாடியை மூடிவிட்டது. உச்சியில் நிற்க முடியாத காற்று. பெரியவர்கள் கோபுரத்தைப் பார்க்க நடந்தார்கள். அவள் வேனை விட்டு இறங்கவில்லை. மடியில் உறை போட்ட ஒரு நாவல். நானும் அவளோடு இருந்தேன். நான் சஞ்சிகைகளுக்குப் புத்தக விமர்சனம் எழுதுவது அவளுக்குத் தெரியும். வாசித்து முடித்ததும், கொப்பியில் கிழித்த தாளொன்றை நீட்டினாள்.

"சாச்சி, நானும் விமர்சனம் எழுதினன். பாருங்க."

நான்கே வரிகள். கதாநாயகி கல்யாணம் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்கிறாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷம் எப்படி வந்தது என்று எழுதப்படவில்லை. இவ்வளவுதான்.

"இவ வேணாண்டு செல்றத்த எழுதின ஆளே கேக்கல்லயே, சாச்சி" என்றாள்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. ஓ.எல். எழுதி முடித்திருந்தாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருப்பதாக ராத்தா அன்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தா. பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை என்றா. பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்தத் தாள் எனக்குச் சொன்னது.

நாம் நாவலாசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வலியின் கையொப்பமே போதும் என்று விட்டது. இதையும் சேர்த்து ஆராய 2009 இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு அறிக்கை கொடுத்தது 2018 இல். சட்டமே கேட்காத கேள்வியைக் காதல் நாவல் மறந்துபோவதில் அதிசயமில்லை.

ஆனால் மார்க்கம் மறக்கவில்லை. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்பதை நாம் மனனம் செய்து வைத்திருக்கிறோம். அதற்கு முன் அவளிடம் கேட்க வேண்டும் என்பதை மெல்லக் கடந்துவிடுகிறோம். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) தன் விருப்பமில்லாமல் தந்தை செய்துவைத்த மணத்தை முறையிட்டபோது, நபியவர்கள் (ஸல்) அதை ரத்துச் செய்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா (ரழி), கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தார். அவரோ தாடி நனைய அழுதுகொண்டு மதீனாவின் தெருக்களில் பின்தொடர்ந்தார். நபியவர்களே பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார். அந்த 'வேண்டாம்' ஏற்றுக்கொள்ளப்பட்டது. முகீஸின் கண்ணீர் உண்மையானது. ஆனாலும் அது பரீராவின் மறுப்பை அழிக்கவில்லை. நம் காதல் நாவல்களில் இப்படியொரு அத்தியாயத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்டை மொழியில் ஓர் உதாரணம் உண்டு. கருணாசேன ஜயலத் 1962 இல் எழுதிய 'கொளு ஹதவத்த' என்ற சிங்கள நாவல், பள்ளிக்கூடக் காதல் கதை. பெயருக்கு ஊமை இதயம் என்று பொருள். முதலில் பையனின் பக்கம். அதில் அந்தப் பெண் ஒரு புதிர். பிறகு கதை அவள் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. அவளுடைய மௌனத்துக்குள் என்னவெல்லாம் இருந்தன என்று அப்போதுதான் தெரிகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான கதை என்பதால் அதை யாரும் தாழ்வாக எண்ணவில்லை. 1968 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார்.

அந்தத் தாளை நான் ராத்தாவிடம் கொடுத்தேன். மூடுபனிக்குள் நின்றபடியே வாசித்தா. ஒன்றும் பேசவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டா. இப்போது பிள்ளை ஏ.எல். வகுப்புக்குப் போகிறாள். பேச்சு நின்றுபோகவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. மச்சான் இன்னும் முழுதாக உடன்படவில்லை.

அதற்குப் பிறகு விமர்சனத்துக்கு எந்தக் காதல் நாவல் வந்தாலும், நடையையும் கட்டமைப்பையும் பார்க்குமுன் ஒன்றைத் தேடுகிறேன். அவளிடம் எந்தப் பக்கத்தில் கேட்டார்கள்? அவள் வேண்டாம் என்றால் கதை அங்கே நிற்கிறதா, அல்லது அவள் மேல் ஏறி நடக்கிறதா? அந்தப் பக்கம் இல்லாத நாவலை, அது எவ்வளவு கண்ணியமாக எழுதப்பட்டிருந்தாலும், பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் என்று எழுத என் பேனா சம்மதிப்பதில்லை.