முறிந்த ஆணியும் மூன்று கொக்குகளும்

துவிச்சக்கர வண்டியின் மிதிதண்டை அச்சோடு பிணைத்து நிற்பது விரல் நீளமும் இல்லாத ஓர் உருக்காணி. திருத்துநர் இதனைக் ‘கொட்டர் பின்’ என்பர். ஆங்கிலேய வண்டிகளில் இதன் விட்டம் பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர். உருளை வடிவான இதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அச்சரிவே அச்சிலுள்ள தட்டையான வெட்டில் ஆப்புப்போல் இறுகுகின்றது. நுனியிலுள்ள மரையும் நட்டும் ஆணி நழுவாது காப்பதற்கேயன்றி, அதனை இழுத்து இறுக்குவதற்கல்ல. இதனை உணராது ஸ்பனரால் முறுக்குவோர் மரையை முறித்துவிடுகின்றனர்.

என் தந்தையாரின் றலி வண்டிக்கு ஒரு திருத்தகத்தில் நேர்ந்ததும் இதுவே. வலப்பக்கத்து ஆணி, தண்டின் விளிம்போடு முறிந்து, எஞ்சியது கறளேறி உள்ளே இறுகிக் கிடந்தது. தண்டை அறுத்தெறிந்து புதியது பூட்டலாம் என்றார் திருத்துநர். சிக்கனமான யோசனைதான். ஆனால் வலத்தண்டோடு ஒன்றாய்ப் பிணைந்தது பற்சில்லு. அதன் நடுவில் மூன்று கொக்குகள் வெட்டப்பட்டுள்ளன. 1990க்குப் பின் எரிபொருள் அருகிய குடாநாட்டில் எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே ஊர்தி அது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பாட்டியைக் கரியரில் இருத்தித் தந்தையார் அதனை உருட்டியே சென்றார். அந்த நெரிசலில் மிதிப்பதற்கு இடமேது! இன்று அவர் வண்டி ஓட்டுவதில்லை. ஆயினும், “கொக்கை அறுக்க வேண்டாம்” என்றார்.

எனவே வேலையை நானே ஏற்றேன். மூன்று நாள்கள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவிட்டேன். முறிந்த முனை மேலே வருமாறு தண்டைத் திருப்பி, அதன் கீழே, ஆணியின் தடித்த தலை உள்ளே விழத்தக்க இரும்புக் குழாயொன்றைச் சீமெந்துத் தரையில் நிறுத்தினேன். இத்தாங்கல் இல்லையேல் சுத்தியலின் அடி முழுவதும் அச்சிலுள்ள குண்டுகளின்மீது விழுந்து கிண்ணத்தைப் பள்ளமாக்கிவிடும். முனையின் நடுவே குறியிட்டு, கைத்துறப்பணத்தால் முதலில் 3, பின்னர் 5 மில்லிமீற்றர் அலகுகொண்டு, எண்ணெய் சொட்டிச் சொட்டித் துளைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அலகு சாய்கிறதோ எனக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. சாய்ந்தால் தண்டின் துளை கெடும், கொக்குகளும் போகும். துளை ஆழ ஆழ ஆணியின் பிடி தளரும். அதன்பின் வேண்டுவது ஒரே பேரடி. மெல்லத் தட்டத் தட்ட முனை பரந்து மேலும் இறுகுமேயன்றி அசையாது.

அடித்தேன். குழாயினுள் ‘டங்’ என்றது.

புதிய ஆணியின் சரிவில் விளக்குப்புகைக் கரி பூசிப் பொருத்தி, அச்சு எங்கே தொடுகின்றது என்று பார்த்து அரத்தால் தேய்த்தேன். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கடையில் வாங்கியபடியே செருகுவோரின் தண்டுகள் விரைவில் ஆடத் தொடங்குகின்றன.

தந்தையார் மிதிகட்டையைக் கையால் சுழற்றினார். கொக்குகள் சுற்றி வந்தன. பின்பு வண்டியின் மறுபக்கம் சென்று குனிந்து பார்த்து, “மற்ற ஆணியும் இதன் வயசுதானே, தம்பி” என்றார்.