அம்புக்கு வழி

விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கியப் பருவம் ஒன்பதே நாள். நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வியாழனுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, மறுவார ஞாயிறோடு முடிந்துவிடும். வில்லோடு போகிறவர்களுக்குச் செப்டம்பர் நடுவிலேயே அனுமதி உண்டு. வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி நான் கேட்ட கதைகளெல்லாம் நவம்பர்ப் பனியில்தான் நடந்தன. அதன் உழைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஜூலையில் வா என்றார் ஒரு பெரியவர். மாடிசனுக்கு மேற்கே, பனியுகத்துப் பனிப்பாறைகள் தொடாமல் விட்டுப்போன குன்றுப் பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடுகிறவர். அவரோடும் அவர் மகளோடும் அந்தக் கோடையில் காட்டுக்குள் போய்வந்தேன்.

முதல் வேலை பரண். ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டிய இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஒருவர் உட்காரும் இருக்கை, அவ்வளவுதான். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் வார் பட்டைக்குள் புதைந்துகிடந்தது. மரம் வருடாவருடம் பருக்கிறது, வார் நெகிழ்வதில்லை. பெரியவர் அதை அவிழ்த்து மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரலால் தேய்த்தார். வெயிலில் உளுத்த நூல் மாவாக உதிர்ந்தது. இன்னொரு வாரில் அணில் பல் பதிந்திருந்தது. இரண்டையும் குறுக்கே வெட்டிப் பைக்குள் போட்டார், நல்லதுபோலத் தெரிகிறதே என்று யாரும் மறுபடி எடுத்துக் கட்டிவிடக் கூடாதாம். அங்கே வேட்டைக்காரர்கள் அதிகம் அடிபடுவது பரணிலிருந்து விழுந்துதான். தோளையும் தொடையையும் பிணைக்கும் கச்சையை மாட்டி, அதன் கொக்கியைத் தரையிலிருந்தே பாதுகாப்புக் கயிற்றில் பூட்டிய பிறகுதான் மகள் முதல் படியில் கால் வைத்தார்.

அவர் மேலே உட்கார்ந்து வில் இல்லாத கையை வில் பிடித்ததுபோல நீட்டினார். அப்பா கீழே நீளக்கழி ரம்பத்தோடு நின்றார். "இடப்பக்கம், அந்த மேப்பிள் கிளை. அதில்லை, அதுக்குப் பின்னால." சுண்டுவிரல் கனம்கூட இல்லாத குச்சி. அதற்காக அரைமணி நேரம் இருவரும் மெனக்கெட்டார்கள். இவ்வளவு மெல்லிய கிளைக்கு இத்தனை பாடா என்று கேட்டேன். பெரியவர் வெட்டிய குச்சியை என் கையில் கொடுத்தார். அம்பு இதை உரசினாலே திசை மாறும், நுரையீரலில் பட வேண்டியது வயிற்றில் படும், மான் ஓடிப்போய் எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் துடித்துச் சாகும் என்றார். இந்த வேலையைக் கோடையில் செய்வதற்கும் காரணம் உண்டு. குளிர்காலத்து மொட்டை மரத்தில் எல்லா வழியும் திறந்துதான் தெரியும். செப்டம்பரில் உண்மையில் மறைக்கப் போவது இந்த இலைகள்தான். அதோடு, இப்போது கலைத்த காடு பருவம் தொடங்குமுன் மறுபடி அடங்கிவிடும்.

கோடை வேலை முழுவதற்கும் அந்தக் குச்சிதான் விளக்கம் என்று எனக்குப் பட்டது. பார்ப்பவருக்கு இது மானைப் பிடிக்கும் தந்திரமாகத் தெரியலாம். நான் கண்டது, மானைத் தவறாகக் காயப்படுத்திவிடக் கூடாதே என்ற கவலை.

காற்றுக்கும் அதே கவனம். மகள் ஒரு தகர டப்பாவிலிருந்து பஞ்சு ஒன்றை எடுத்துப் பறக்கவிட்டார். எருக்கின் உறவான மில்க்வீட் செடியின் விதைப்பஞ்சு, போன இலையுதிர்காலத்தில் சேர்த்து வைத்தது. காலை வெயிலில் காற்று சரிவில் மேலேறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்தில் இறங்கும். நாங்கள் போனது மாலை. பஞ்சு ஆடி ஆடி நேராக மான் தடத்தின் மேலேயே போய் இறங்கியது. மனித வாசனையும் அப்படியே போகும். இந்தப் பரண் காலைக்கு மட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவானது.

வில்லைச் சீர்செய்யும் கடைக்கும் கூடப் போனேன். கப்பி வைத்த காம்பவுண்ட் வில் அது. கடைக்காரர் ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து அம்பை அதன் வழியே விடச் சொன்னார். அம்பு நேராகப் பறந்தால் ஒரு துளையும் இறகுகளின் கீறலும் மட்டும் விழும். மகளின் அம்பு ஒருபக்கமாகக் கிழித்திருந்தது. அம்பு தாங்கியை மயிரிழை நகர்த்தி மறுபடி, இன்னும் நகர்த்தி மறுபடி. கிழிசல் துளையாகும்வரை கடைக்காரர் விடவில்லை. அப்புறம் வீட்டில் பயிற்சி, உயரத்திலிருந்து கீழ்நோக்கி, எட்டு அங்குலக் காகிதத் தட்டைக் குறிவைத்து. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். 30 கஜத்தில் ஓர் அம்பு தட்டுக்கு வெளியே போயிற்று. தன் எல்லை 25 கஜம் என்று அவரே வைத்துக்கொண்டார். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் நாண் இழுபடாது.

கொம்புகள் அப்போது வெல்வெட் போன்ற தோல் மூடி வளர்ந்துகொண்டிருந்தன. குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் முளைத்து, ஆகஸ்டுக்குள் வளர்ச்சி முடிந்து, பகல் குறையக் குறைய அந்தத் தோல் உரியும். காட்டில் கட்டியிருந்த தானியங்கிக் கேமராவின் நினைவக அட்டையில் பார்த்த ஓர் ஆண் மான் கொம்பு எதிலும் இடித்துவிடாமல் தலையைத் தாழ்த்தி வேலியைச் சுற்றிப் போனது. செல்போனுக்கு உடனுக்குடன் படம் அனுப்பும் கேமராக்களை அந்தக் குடும்பம் வாங்கவில்லை. மான் நிற்கும் இடத்தை அந்தக் கணமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், சரியான முடிவு என்பேன்.

இந்த மான்கள் எப்போதும் இப்படி நிறைந்திருக்கவில்லை. சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்கச் சில லட்சம்தான் மிஞ்சின. இன்று சுமார் மூன்று கோடி. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. 1972-இல் வந்த திருத்தம் வில்லையும் அம்பையும் சேர்த்துக்கொண்டது. பிறகு பெருக்கமே பிரச்சினையானது. விஸ்கான்சினின் பராபூவுக்கு அருகே 1935-இல் பாழ்பட்ட பண்ணை ஒன்றை வாங்கி மரம் நட்ட காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட், வில்லைத் தன் கையாலேயே செய்த வேட்டைக்காரர். மிதமிஞ்சிய மான்கள் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன, பிணைகளையும் சுட வேண்டும் என்று 1940களில் சொன்னதற்காக இதே மாநிலத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

இப்போதைய பயம் வேறு. மானின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி நோய் 2002-இல் இந்த மாவட்டங்களில்தான் மாநிலத்தில் முதலில் கண்டறியப்பட்டது. உருக்குலைந்த புரதத்தால் வருவது, மருந்து கிடையாது, மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ணாதீர்கள் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். மான்கள் ஒரே இடத்தில் கூடி வாய்வைத்தால் பரவும் என்பதால் இங்கே தீனியும் உப்புக்கட்டியும் வைக்கத் தடை. மான்கள் மேய என்று ஆகஸ்டில் டர்னிப் விதைக்க அவர்கள் சுண்ணாம்பு தூவி வைத்திருந்த நிலத்துண்டு மட்டும் பயிர் என்ற கணக்கில் வருவதால் அதற்குத் தடையில்லை.

கிளம்பும் நாளில் பெரியவர் ஃப்ரீசரைக் காலிசெய்து கழுவிக்கொண்டிருந்தார். அடிக்கும் ஒவ்வொரு மானின் கழுத்து நிணநீர்க் கணுவும் பரிசோதனைக்குப் போகும். முடிவு வரும்வரை ஒரு மானின் இறைச்சி இன்னொன்றோடு கலக்கக் கூடாது. அதற்காக உள்ளே பலகையடித்து நாலு அறை பிரித்தார். மகள் நாலு அட்டைகளில் எண் எழுதி, தேதிக்கும் இடத்துக்கும் கோடு போட்டு, அறைக்கு ஒன்றாகக் கட்டிவைத்தார்.