டைமிங் கவர் பேக்கிங்

பழைய வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சினின் வலப்பக்கத்தில் பளபளப்பாகத் தெரியும் அலுமினிய மூடிதான் டைமிங் கவர். கிராங்க் முனையில் உள்ள பினியன், அது சுழற்றும் இன்லெட், எக்ஸாஸ்ட் கேம்கள், அவற்றை அடுத்து பாயிண்ட்ஸ் வரை நீளும் பற்சக்கர வரிசை எல்லாம் இதற்குள்தான் ஓடுகின்றன. எண்ணெய் பம்புகளும் இந்த மூடியிலேயே அமைந்திருக்கின்றன. மூடிக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே இருப்பது ஒரு காகித கேஸ்கெட். பட்டறைகளில் அதைப் பேக்கிங் என்பார்கள். விலை சொற்பம், அது கெட்டால் வண்டி நிற்குமிடமெல்லாம் எண்ணெய்க் கறை.

1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இந்த எஞ்சினைத் திருவொற்றியூரில் பல பதிற்றாண்டுகள் வார்த்துப் பூட்டியது. அதே நிறுவனத்தின் உற்பத்தி 2013இல் ஒரகடத்துக்கும் 2017இல் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. இன்று ஒரகடத்திலிருந்து புத்தம்புது வண்டிகள் லாரியேறிப் போகும் சாலையிலேயே திருவொற்றியூர் காலத்துப் புல்லட்டுகளும் ஓடுகின்றன. அவற்றை வீட்டுத் திண்ணையிலேயே பழுதுபார்க்க முடிகிறது என்பது அந்த எஞ்சினின் பெரிய குணம். டைமிங் கவர் பேக்கிங் மாற்றுவது அப்படிப்பட்ட வேலைதான். கஷ்டமான வேலை இல்லை, ஆனால் அவசரம் பொறுக்காத வேலை.

முதலில் கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ராக்கர் மூடியிலிருந்து இறங்கும் எண்ணெய்கூட டைமிங் கவரின் அடியில்தான் வந்து சொட்டும். எஞ்சினைப் பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, முகப் பவுடரைத் தூவிச் சிறிது நேரம் ஓட்டினால், வெள்ளைப் பரப்பில் எண்ணெய் தன் வழியைத் தானே வரைந்து காட்டிவிடும்.

இடம் உறுதியான பிறகு எண்ணெயை வடிக்க வேண்டும். வடித்ததை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றவே கூடாது. ஒரகடம் வட்டாரத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் நீர் போய்ச் சேருவது செம்பரம்பாக்கத்துக்கு. அது சென்னையின் குடிநீர். கழிவு எண்ணெய், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. கேனில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால் முறையாக எடுத்துச் செல்பவரிடம் சேரும்.

அடுத்தது திருகுகள். பழைய மாடல்களில் தட்டை வெட்டுத் திருகுகள் இருக்கும். வெப்பத்தில் இறுகிப் போயிருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் மல்லுக்கட்டினால் தலை சிதையும். இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் இளகி வரும். எல்லாத் திருகுகளும் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையின் திருகோ அங்கேயே குத்திவைப்பது நல்ல வழக்கம். நீளத் திருகு குட்டைத் துளையில் போனால் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியது போலத் தெரிந்தாலும் மூடி இறுகியிருக்காது.

மூடியை ஓரத்தில் ரப்பர் சுத்தியால் தட்டித்தான் பிரிக்க வேண்டும். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால். புதுப் பேக்கிங் எதுவும் அதை அடைக்காது. மூடி வரும்போது கேம் சக்கரங்களும் கூடவே வந்துவிடாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வந்துவிட்டால் பற்களில் உள்ள புள்ளி, கோட்டுக் குறிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வுகள் நேரம் தப்பித் திறக்கும்.

பழைய காகிதத்தைச் சுரண்டி எடுப்பதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு போதும். காகிதம் எண்ணெயில் ஊறிக் காய்ந்து கரும்பழுப்புப் பொருக்காக ஒட்டியிருக்கும். பெட்ரோல் தடவிக் கொஞ்சம் காத்திருந்தால் இளகும். பொருக்கு உள்ளே விழாமல் பற்சக்கரங்களின் மேல் துணி போட்டு மூட வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிப் பலகையில் மெல்லிய எமரி தாளை விரித்து, மூடியின் முகத்தை அதன்மேல் மெதுவாகத் தேய்த்துப் பார்க்கலாம். எமரி படாத இடம் பள்ளம். பெரும்பாலும் திருகுத் துளைகளைச் சுற்றி உலோகம் மேடாகியிருக்கும். யாரோ எப்போதோ அளவுக்கு மீறி முறுக்கியதன் தடம் அது.

பேக்கிங் சென்னை புதுப்பேட்டையில் வெட்டியதாகவே கிடைக்கும். பேக்கிங் பேப்பர் வாங்கி வீட்டிலேயே வெட்டியும் கொள்ளலாம்: மூடியின் ஓரத்தில் எண்ணெய் தடவிக் காகிதத்தில் பதித்தால் அச்சு விழும், அந்தக் கோட்டில் வெட்ட வேண்டியதுதான். தடிமன் மட்டும் பழையதை ஒத்திருக்க வேண்டும். கேம்களின் பக்கவாட்டு இடைவெளி அதைப் பொறுத்தது. காகிதம் மெலிந்தால் மூடி கேம்களை நெருக்கிவிடும்.

அனபாண்ட் போன்ற பசையைத் தாராளமாகப் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது கெடுதல். உள்பக்கம் பிதுங்கிய பசை துணுக்காக உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். காகிதப் பேக்கிங்குக்கு இருபுறமும் மெல்லக் கிரீஸ் தடவினாலே போதும். அடுத்த முறை கிழியாமலும் வரும். பசையை மட்டுமே நம்பும் எஞ்சின்களும் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் ஹூண்டாய் கார்களின் கப்பா எஞ்சினில் டைமிங் செயின் மூடிக்குத் திரவ கேஸ்கெட்தான். பூசிய ஐந்து நிமிடத்துக்குள் மூட வேண்டும் என்பது அதன் நியதி. கிராங்க் புல்லி, எஞ்சின் மவுண்ட் எல்லாம் கழற்ற வேண்டிய அந்த வேலையை வீட்டு வாசலில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

புல்லட்டுக்குத் திரும்பினால், மூடும் முன் கிராங்க் முனையில் எண்ணெய் நுழையும் இடத்திலுள்ள சின்னஞ்சிறு கார்க் சீலைப் பார்த்தே ஆக வேண்டும். பம்பு தள்ளும் எண்ணெய் இதன் வழியாகத்தான் கனெக்டிங் ராடின் பிக் எண்டுக்குப் போகிறது. அது தேய்ந்திருந்தாலோ மறந்துபோனாலோ வெளியே ஒரு சொட்டும் கசியாது. உள்ளே பேரிங் காய்ந்து வெந்துவிடும். ஆகவே பேக்கிங்கோடு அதையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். மூடியைப் பொருத்தும்போது பம்பின் பல் கிராங்க் முனையிலுள்ள வார்மோடு சேராமல் முரண்டு பிடிக்கும். எஞ்சினைச் சற்றே சுழற்றினால் தானாக அமரும். திருகை முறுக்கி இழுத்து உட்காரவைக்கக் கூடாது.

திருகுகளை முதலில் கையாலும், பிறகு எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றிலும் இறுக்க வேண்டும். 6 மி.மீ. திருகுக்கு அலுமினியத்தில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் மரை போய்விடும். பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடுவதைத் தவிர வழியில்லை. கிக்கரை அழுத்தி எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து, எண்ணெய் நிரப்பி, ஸ்டார்ட் செய்ததும் ராக்கருக்குப் போகும் பாஞ்சோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் துளிர்க்க வேண்டும். ஓடி, ஆறிய பின் திருகுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகும் கசிந்தால் பிரீதரைப் பார்க்க வேண்டும். 346 சி.சி. ஒற்றைப் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவ்வளவு காற்றையும் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. அது வெளியேறும் குழாயிலுள்ள ரப்பர் வால்வு விறைத்துப்போனால் அழுத்தம் மூட்டுகள் வழியே எண்ணெயைப் பிதுக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில், தொட்டியில் இருக்க வேண்டிய எண்ணெய் பம்பின் வழியே கிராங்க் கேஸில் இறங்கித் தேங்கியிருக்கும்; ஸ்டார்ட் செய்ததும் அதுவும் வெளியே வரும். அந்த எண்ணெயை முதலில் வடித்து, ரப்பர் வால்வையும் மாற்றினால், அதே பேக்கிங் உலர்ந்த முகத்தோடு பல ஆண்டு நிற்கும்.