ஓடையில் கிடைத்த ‘வலம்புரி’!

“மாப்ளே, ஒரு 15 ஆயிரம் புரட்ட முடியுமா? அடுத்த மாசமே 5 லட்சம் வரப்போவுது!”

மாதக் கடைசியில் மாமா இப்படிப் போன் செய்தால் எப்படி இருக்கும்? பெண்ணுக்கு நிச்சயம் செய்துவிட்டு, பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தவர் அவர்.

விஷயம் இதுதான். மாமாவுக்குப் பெரம்பலூர் மாவட்டம், காரை பக்கம். மழை விட்ட பிறகு ஆடு ஓட்டிக்கொண்டு போனவர், ஓடையில் முறுக்கிய கல் ஒன்றை எடுத்திருக்கிறார். அதைப் பார்த்த தரகர் ஒருவர், “கல்லாய்ப் போன வலம்புரிச் சங்கு! 5 லட்சம் போகும். டெஸ்டுக்கு மட்டும் 15 ஆயிரம் கட்டுங்க” என்றாராம்.

எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் நண்பர் எம்.எஸ்ஸி. ஜியாலஜி. (படிப்புக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நான் பி.எஸ்ஸி. விலங்கியல், அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன்.) ஞாயிற்றுக்கிழமை அவரையும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன்.

சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது கல். நுனி மேலே இருக்கும்படி பிடித்தால் வாய் இடது பக்கம். வலம்புரிச் சங்கும் அப்படித்தான்! மாமா என்னைப் பார்த்த பார்வையில் 5 லட்சம் தெரிந்தது.

நண்பர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஐந்து நிமிஷம் பேச்சில்லை. மாமிதான் பொறுக்காமல் காபியோடு வந்து நின்றார்.

“ஐயா, சங்கை உடைச்சா நுனியிலேர்ந்து வாய் வரைக்கும் ஒரே குழாய்தான். இதுல பாருங்க, மேல் ஓடு தேய்ஞ்ச இடத்துல கோடு தெரியுதா? கீரை இலை ஓரம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு? அது உள்ளே இருக்கிற தடுப்புச் சுவரோட விளிம்பு. ரூம் ரூமா கட்டின வீடு இது. சங்கு, நத்தை ஜாதியே இல்லை. கணவாய்க்குச் சொந்தக்காரன். அம்மோனைட்!”

“அம்மோனைட்டுன்னா சாளக்கிராமம் மாதிரி தட்டையாத்தானே சுருண்டிருக்கும்?” என்று என் விலங்கியலைக் காட்டினேன்.

“எல்லாம் இல்லை. கோபுரம் மாதிரி முறுக்கினதும் உண்டு. இது டர்ரிலைட்டஸ். காரைக் களிமண்ணில் கிடைக்கிறதுதான். வயசு 9 கோடி வருஷத்துக்கு மேல். அப்போ இங்கே கடல். 1860-களிலேயே ஸ்டோலிச்கா இந்தப் பக்கத்து அம்மோனைட்டுகளைப் படம் போட்டுப் புத்தகமாக்கிட்டார்.”

மாமா விடவில்லை. “அது எதுவா வேணா இருக்கட்டும் தம்பி. வலம்புரிதானே?”

நண்பர் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சங்குல இந்தச் சுற்று அபூர்வம்ங்க. அதான் அந்த விலை. இந்தப் பிராணியில பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சுத்தும்.”

வீடு அமைதியானது. காபி ஆறியது. 2020-ல் இதே மாவட்டத்துக் குன்னத்தில், குளத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே நம்பி, நிபுணர்கள் வந்து மறுத்த கதையைச் சொல்லிப் பார்த்தேன். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிச்சயம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எப்படி வரும்?

கல்லை அரியலூர் பக்கம் வாரணவாசி மியூசியத்தில் கொடுக்கலாம் என்றார் நண்பர். மாமா பதில் சொல்லாமல் ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போன். “தரகன் கூப்பிட்டான் மாப்ளே. ‘உன் சங்குக்குள்ளே தடுப்புச் சுவர் எதுக்குய்யா?’ன்னு கேட்டேன். டவர் கிடைக்கலைன்னு வெச்சிட்டான்!”

15 ஆயிரம் தப்பியது. கல்யாணச் செலவு? ஆபீஸ் சொசைட்டியில் நான் லோன் போட்டிருக்கிறேன். ஜாமீன் கையெழுத்து, டெஸ்பாட்ச் நண்பர்தான். லென்ஸ் வைத்துப் படித்துவிட்டுத்தான் போட்டார்!