சாவிக்காரரின் ரசமட்டம்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கமுந்திங்கிலிருந்து மாமா போன் செய்தார். சாவியின் தலை அவர் கையில் இருந்தது, மற்ற பாதி பூட்டுக்குள் முறிந்து கிடந்தது. உள்ளே கேஸ் அடுப்பு, ஐஸ்பெட்டி, மறுநாள் காலைத் தோசைக்கு அரைத்து வைத்த மாவு. "மாவு பொங்கி வழிஞ்சிரும்டா, அதுதான் கவலை" என்றார். எழுபது வயதில் அவர் நடத்தும் கடை அது. கடை என்பது ஒரு பழைய கேரவன்.

அந்த வண்டி அவரிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். செலாமா பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் மாமா டிராக்டர் ஓட்டினார். துரை பங்களாவுக்குப் பின்னால், லாலான் புல் மூடி, 14 அடி நீளத்தில் ஒரு அலுமினிய வண்டி கிடந்தது. எந்தத் துரை கொண்டுவந்தார், எந்த ஆண்டு வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. செய்த கம்பெனியின் தகடும் எப்போதோ விழுந்துவிட்டது. தோட்டம் கைமாறி, பால்மரம் வெட்டி, செம்பனை நட்டபோது, லயத்தைக் காலி செய்த மாமா அந்த வண்டியையும் கேட்டு வாங்கி இழுத்து வந்தார். வீட்டுச் சாமான்களோடு தோட்டத்தின் ஒரு துண்டும் கூட வந்ததுபோல அவருக்கு ஒரு திருப்தி. சக்கரம் மாற்றி, சாயம் அடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, தேத்தண்ணியும் தோசையும் விற்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் மாற்றினார், கதவையும் பூட்டையும் மட்டும் தொடவில்லை.

சனிக்கிழமை விடியலில் ஈப்போவிலிருந்து கிளம்பினேன். கமுந்திங் என்ற பெயர் மலேசியத் தமிழர் காதில் ஊராக விழுவதற்கு முன்னால் ஒரு பூட்டிய கதவாகத்தான் விழும். 1960-ம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கப்பட்டவர்களின் முகாம் இங்கேதான் இருந்தது. 1987-ல் ஒப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் பிடிபட்டவர்கள் பலர் இங்கே வந்தார்கள். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பின் டிசம்பர் 13-ம் தேதி கைதான இண்ட்ராஃப் இயக்கத் தலைவர்கள் உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஐவரும் இங்கேதான் அடைபட்டார்கள். மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 மார்ச் தேர்தலில் சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். அந்தச் சட்டம் 2012-ல் ரத்தானது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இந்த ஊர்ப் பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதே ஊருக்கு ஒரு கதவைத் திறக்கப் போகிறேன் என்ற எண்ணம் வழியெல்லாம் கூடவே வந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் மாமா ஒரு கடையில் விசாரித்திருந்தார். கதவை அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் கதவு, புதுப் பூட்டு போட்டால்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் கடைப் பையன் அலவாங்கோடு தயாராக நின்றான். "இரு, சாவிக்காரர் பாக்கட்டும்" என்று மாமா அவனை நிறுத்தி வைத்திருந்தார்.

மலாய்க்காரர்கள் துக்காங் குஞ்சி என்பார்கள். நம்மவர்களுக்கு அவர் சாவிக்காரர்தான். பழைய கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே அவர் கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பின்பலகை முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்குகின்றன. வெட்டும் மிஷின் இரண்டு, ஒரு வைஸ், தகர டப்பாவில் அரங்கள். அரங்களின் மரப்பிடிகள் அவர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து கறுத்திருந்தன. வயது அறுபதுக்கு மேல் இருக்கும்.

மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது அடையாள அட்டை. பிறகு, கடை லைசென்ஸ். இரண்டிலும் பெயரைப் பார்த்தார், மாமா முகத்தைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. உங்களை எனக்குத் தெரியும், உங்க கடையில தேத்தண்ணி குடிச்சிருக்கேன். ஆனா இன்னிக்கு உங்களுக்காக இதை விட்டா, நாளைக்கு எவனோ வந்து என் வீட்டுச் சாவி தொலைஞ்சிருச்சுன்னு சொல்றப்ப எனக்குக் கேக்க வாய் வராது."

ஒரு ஊரின் கதவுகளையெல்லாம் திறக்கத் தெரிந்த மனிதர் இப்படி ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொள்கிறார். எனக்கு அப்போதே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

கேரவன் நின்ற இடத்துக்கு வந்ததும் அவர் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்த முதல் கருவி ரசமட்டம், கொத்தனார்கள் சுவர் கட்டும்போது வைக்கிற அதே கருவி. பூட்டு பக்கமே போகாமல் கேரவனை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. கதவின் மேல்விளிம்பைக் காட்டினார். கீல் பக்கம் இடைவெளி ஒரு வெள்ளிக் காகிதம் நுழையாத அளவு. பூட்டு பக்கம் சின்னவிரல் போகும்.

"பூட்டு உடைஞ்சது நேத்துதான். அதை உடைக்க ஆரம்பிச்சது இந்தக் கால்."

வண்டியின் நாலு மூலையிலும் இறக்கி ஊன்றுகிற கால்களைச் சொன்னார். அவை வண்டி ஆடாமல் தாங்கிப் பிடிப்பதற்கு மட்டும்தான், எடை தூக்குகிற ஜாக்கி வேலைக்கு அல்ல. மாமா அவற்றைத் திருகித்தான் ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தூக்கி நிமிர்த்தியிருக்கிறார். சட்டம் முறுக்கிக்கொண்டது, சட்டம் முறுக்கினால் கதவு நிலை கோணும், நிலை கோணினால் பூட்டின் நாக்கு தன் துளையின் விளிம்பில் அழுந்தி உட்காரும். அப்புறம் கைப்பிடியைத் திருகினால் கதவு வராது. வராத கதவை மாமா சாவியைப் பிடித்தே இழுத்திருக்கிறார், வருஷக்கணக்காக.

மண்ணும் ஒரு காரணம். இந்த ஊரின் பழைய பெயர் கிளியான் பாரு, புதிய சுரங்கம் என்று பொருள். பக்கத்து ஊரான தைப்பிங் அப்போது கிளியான் பாவ். 1861 முதல் 1874 வரை லாருட் போர்களில் சீனச் சங்கங்கள் வெட்டி மாண்டதெல்லாம் இந்த மண்ணுக்குள் இருந்த ஈயத்துக்காக. ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சியது மணல்தான். அந்த மணல்மேல் இன்று தாமான் வீடுகள், கடைகள், மாமாவின் கேரவன். மழையோ இங்கே ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். தீபகற்பத்திலேயே அதிகமாக மழை பெறும் ஊர் தைப்பிங், கமுந்திங் அதன் பக்கத்து வீடு. மழை பெய்யப் பெய்ய, சமையல் பக்கத்துக் கால் மட்டும் மணலில் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

முறிந்த சாவியை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தார். ஊசி மாதிரித் தேய்த்து வைத்திருந்த இரண்டு ரம்பத் தகடுகளைச் சாவித் துண்டின் இருபக்கமும் நுழைத்து, மூச்சைப் பிடித்து, முடியளவு முடியளவாக வெளியே நகர்த்தினார். நடுவில் யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். அலவாங்குப் பையன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். துண்டு வெளியே வந்து தரையில் விழுந்தபோது மாமா கைதட்டினார்.

கதவு அப்போதும் திறக்கவில்லை. பூட்டு திரும்புகிறது, நாக்கு அசையவில்லை. உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்றார். அடுத்த ஐந்து நிமிடம் அவர் செய்ததை நான் எழுதப்போவதில்லை. எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கொடுத்த வாக்கை மீற எனக்கு மனமில்லை. கதவு ஒரு கீறல்கூட விழாமல் திறந்தது. மாவு பொங்கி ஐஸ்பெட்டிவரை வழிந்திருந்தது. மாமா அதைப் பார்த்துச் சிரித்தார்.

சாவிக்காரர் தன் கடைக்குத் திரும்பி, பூட்டைப் பிரித்து ஒரு பழைய துணியில் பரப்பினார். சிலிண்டருக்குள் பித்தளைத் தகடு ஐந்து, ஒவ்வொன்றும் விரல்நகத்தைவிடச் சின்னது. சரியான சாவி நுழைந்தால் ஐந்தும் ஒரே மட்டத்தில் நிற்கும், உருளை திரும்பும். ஒரு தகடு மயிரிழை உயர்ந்தாலும் திரும்பாது. வீட்டுக் கதவுகளில் இருப்பது இன்னொரு வகை. சின்னச் சின்ன ஊசிகளை வைத்துச் செய்யும் அதை அமெரிக்காவின் லைனஸ் யேல் 1860-களில் இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் மூலக்கருத்து பழைய எகிப்தின் மரத் தாழ்ப்பாள்களிலேயே இருந்தது. கேரவன், அலமாரி, மேசை இழுப்பறை போன்றவற்றுக்குத் தகடு வகைதான் வழக்கம்.

தகடுகள் நன்றாகவே இருந்தன. உடைந்தது வேறொன்று: சாவி திரும்பினால் நாக்கை இழுக்கிற சின்ன வார்ப்புத் துண்டு. சாம்பல் நிறம், உடைந்த இடத்தில் சர்க்கரைக் கட்டி மாதிரிப் பொருபொருவென்று இருந்தது. விரலால் தேய்த்தார், தூள் உதிர்ந்தது.

அது துத்தநாகக் கலவை. 1929-ல் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனி செய்து சாமாக் என்று பெயர் வைத்த வகையிலிருந்து வந்த உலோகம். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு நான்கின் ஜெர்மன் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர். சீக்கிரம் உருகும், அச்சில் நுணுக்கமாக நிரம்பும், விலை மலிவு. பூட்டு, கைப்பிடி, கார் சாமான் என்று உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் வார்க்கும்போது கொஞ்சம் காரீயம் கலந்துவிட்டாலும் வருஷங்கள் கழித்து உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடும். வெக்கையும் ஈரமும் அந்த விரிசலை வளர்க்கும். இந்தப் பூட்டில் காரீயம் இருந்ததா என்று நான் சோதிக்கவில்லை. வெக்கையும் ஈரமும் வேண்டிய மட்டும் கிடைக்கிற ஊர் இது என்று மட்டும் சொல்வேன்.

"இதை ஒட்டவே முடியாது. பித்தளை வச்சு ஊதினா, பித்தளை இளகறதுக்கு முன்னால இது ஒழுகிரும்" என்று சொல்லிவிட்டு, தகர டப்பாவிலிருந்து ஒரு பித்தளைப் பட்டையை எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய செல்வம். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பட்டைமேல் கோடு கீறினார். சின்ன ரம்பத்தால் அறுத்தார். வைஸில் இறுக்கி அரம் பிடித்தார். முன்னால் தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுவார். இழுக்கையில் அழுத்தினால் அரத்தின் பல் மழுங்கிவிடும் என்றார். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை துண்டை எடுத்து பூட்டுக்குள் வைத்துப் பார்ப்பார், மறுபடி வைஸ். நடுவில் சதுர ஓட்டை வேண்டும். முதலில் வட்டமாகத் துளைத்து, மூலைகளை முக்கோண அரத்தால் ஒவ்வொன்றாகச் சதுரமாக்கினார். இரண்டு மணி நேரம் போனது. அளவுகோல் ஒருமுறைதான் வெளியே வந்தது.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க அண்ணே?"

"அரம் எங்கப்பா. பூட்டு ஒரு சீனத் தவுக்கே."

அவர் அப்பா தோட்டத்துப் பால் கொட்டகையில் பிட்டர். கித்தா சீட் உருட்டும் ரோலர்களின் பித்தளை புஷ் தேய்ந்தால் ஈப்போவுக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க முடியாது, வேலை நின்றுபோகும். அங்கேயே அறுத்து, ராவிப் பொருத்த வேண்டும். நம்மவர்கள் தோட்டத்தில் பால் வெட்டினார்கள், களை எடுத்தார்கள் என்றே நம் கதைகளும் நினைவுகளும் பேசுகின்றன. கொட்டகைக்குள் இரும்போடும் பித்தளையோடும் நின்ற இந்தக் கைகளைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது அந்தக் கைகள் பட்டறைக்கும் சைக்கிள் கடைக்கும் இந்த ஐந்தடி நடைபாதைக்கும் வந்து சேர்ந்தன.

என் பாட்டியின் டிரங்குப் பெட்டிப் பூட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். கப்பலில் வந்த பெட்டி, கைகனக்கும் திண்டுக்கல் பூட்டு. அவர் முகம் மலர்ந்தது. ஒன்றே ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறதாம். "அதுல ஒவ்வொரு லீவரும் கையால ராவினது தம்பி. ஒரு பூட்டுச் சாவி இன்னொண்ணுல போகாது. அச்சுல ஊத்தின துண்டு ஒண்ணுகூட இல்ல." திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி அவருக்குத் தெரியாது. சொன்னதும் அரத்தைக் கீழே வைத்தார். "நல்லாருக்கட்டும். செய்றவங்களுக்குக் கூலி கூடுச்சா?" என்று கேட்டார்.

அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. திண்டுக்கல்லிலும் கூலி போதாமல்தான் பிள்ளைகள் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள்.

சாவிக்கு அவர் மாமாவின் முறிந்த துண்டுகளைப் பார்த்து வெட்டவில்லை. அது நகலின் நகல், ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் பல் கொஞ்சம் தேய்ந்துவிடும் என்றார். ஐந்து தகடுகளின் உயரத்தைக் கண்ணால் படித்து, அதன்படி புதுச் சாவியைக் கையால் ராவினார். மூன்றாவது முயற்சியில் உருளை திரும்பியது. மிஷினில் இன்னொன்று வெட்டி இரண்டாகக் கொடுத்தார்.

மாலையில் பூட்டைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் அவர் கேட்டது ஜாக்கியும் பலகையும். நாலு கால்களையும் மேலே ஏற்றிவிட்டு, அச்சுக்குப் பக்கத்தில் சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, இறங்கிப்போன பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் அகலப் பலகை வைத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. அதன் பிறகே கால்களை இறக்கி மண்ணைத் தொடும் அளவுக்கு மட்டும் திருகினார். கதவை மூடினார். ஒரு விரலால் தள்ளியதும் சின்ன 'டக்' சத்தத்தோடு மூடிக்கொண்டது. அந்தக் கதவு அப்படி மூடி மாமாவே பார்த்ததில்லை. நாலைந்து தடவை திறந்து திறந்து மூடினார்.

கூலி 90 வெள்ளி. மாமா 100 வெள்ளி நோட்டைக் கொடுத்து மீதி வேண்டாம் என்றார். சாவிக்காரர் 10 வெள்ளியை மேசைமேல் வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடுங்க அண்ணே, அது போதும்" என்றார். போகும்போது ரசமட்டத்தை விட்டுவிட்டுப் போனார். ஒரு மாசம் மழை பெய்யட்டும், குமிழி எங்கே நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க என்றார்.

அடுத்த மாதம் நான் போனபோது ரசமட்டம் தோசைக்கல் பக்கத்து அலமாரியில் இருந்தது. மாமா அதை எடுத்துச் சட்டத்தில் வைத்துக் காட்டினார். குமிழி ஒரு நெல்மணி அளவு நகர்ந்திருந்தது. இன்னொரு பலகை தயாராக ராவி வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து ஜாக்கியால் வண்டியைத் தூக்கினோம்.