இருபது விநாடியும் ஒரு குடமும்

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. அடுத்த வாரம் நாங்கள் நான்கு பேர் துண்டறிக்கைக் கட்டோடு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு காலனிக்குப் போனோம். நாங்களும் அப்படிப்பட்ட காலனிகளில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் அன்று எங்கள் வாயில் வந்தது அதிகாரிகளின் பேச்சு. "அடிக்கடி சோப்பு போட்டு இருபது விநாடி கை கழுவுங்க. ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்க."

குழாயடியில் நின்ற ஒரு பாட்டி கேட்டார்: "கழுவலாம் கண்ணு, தண்ணி எங்க?"

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வீட்டுக்கு ஆறு குடம் கிடைத்தால் பெரிது. அதாவது ஒரு நாளைக்கு மூன்று குடம், சுமார் 45 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு எட்டு முறை, முறைக்கு அரை லிட்டர் என்றாலும் கை கழுவ மட்டும் 20 லிட்டர் வேண்டும். மிச்சத்தில் சமைக்க வேண்டும், குடிக்க வேண்டும், குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி வீட்டில் ஐந்து பேர் ஒரு மீட்டர் தள்ளிப் படுப்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

அன்று நாங்கள் கற்ற பெரிய பாடம் அதுவல்ல. அதே தெருவில் ஓர் அண்ணன், பக்கத்து டவுனில் தூய்மைப் பணியாளர். ஊரே வீட்டுக்குள் இருந்தபோது தினமும் வேலைக்குப் போனவர். கையில் ஒரே ஒரு துணி மாஸ்க். இரவில் துவைத்துக் காலையில் கட்டுவார். அவர் குழாயடிக்கு வரக்கூடாது, அவர் பிள்ளைகள் தெருவில் விளையாடக்கூடாது என்று தெரு இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். "கொஞ்ச நாளைக்குத்தானே அண்ணா" என்று எங்களில் ஒருவரே சொன்னார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்னார்: "ஊர்ல தள்ளி நிக்கச் சொன்னாங்க, நின்னோம். இப்ப நம்ம தெருவுலயுமா தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாங்கள் தெளிவடைந்தோம். தொற்றுக்காகத் தனிமைப்படுத்துவதும் தீண்டாமையும் ஒன்றல்ல. முன்னதற்குக் காரணம் கிருமி. நாள் கணக்கு உண்டு. கொரோனாவில் முதலில் 14 நாள் என்றார்கள். அந்த நாட்களில் சோறு, தண்ணீர், கூலி, மருந்து எல்லாம் வாசலுக்கு வர வேண்டும். முடிந்ததும் அவர் எல்லோரையும்போல வெளியே வர வேண்டும். தீண்டாமைக்குக் காரணம் பிறப்பு. அதற்கு முடிவு நாள் கிடையாது. விலகச் சொல்லிவிட்டு எதையும் தராதபோது முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது. "சமூக விலகல்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியவர்கள் முகம் சுளித்தது இதனால்தான். நோய்க்குத் தேவை உடல் இடைவெளி மட்டுமே. உலக சுகாதார நிறுவனமும் அந்த மார்ச் மாதத்திலேயே அந்தச் சொல்லுக்கு மாறியது.

1897-இல் பம்பாய் பிளேக்கை ஒட்டி வந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-லும் கையில் எடுக்கப்பட்டது. அரசு என்னென்ன கட்டுப்பாடு விதிக்கலாம், மீறினால் என்ன தண்டனை என்று அது சொல்கிறது. அடைபட்டவருக்கு அரசு என்ன தர வேண்டும் என்று சொல்வதில்லை.

மறுநாள் துண்டறிக்கை இல்லாமல் போனோம். குழாய்க்கு வீட்டு முறை எழுதி ஒட்டினோம். அந்த அண்ணன் வீட்டுக்கும் மற்ற வீடுகளைப்போல ஒரு முறை. தெரு முனையில் ஒரு டிரம், ஒரு சோப்பு. வேலைக்குப் போய்த் திரும்பும் யாரும் அங்கே கை கால் கழுவிவிட்டே உள்ளே வருவது என்று பேசி முடித்தோம். பெரிய சாதனை இல்லை. ஆனால் அவர் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள்.

தோழர்களே, அடுத்த தொற்று வரும்போது மாஸ்க் வாங்க ஓடுவதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் எத்தனை வீடு, எத்தனை குழாய், வாரத்தில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று எழுதுங்கள். உங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் காலணியும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காகிதத்தோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். "தள்ளி நில்" என்று யார் சொன்னாலும், எத்தனை நாள், அதுவரை என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். நம் தெருவில் அதை நாமே சொல்ல நேர்ந்தால், நம்மிடமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்.

ஜெய்பீம்.